சனிக்கிழமைக்கு எவ்வளவு, செவ்வாய்க்கிழமைக்கு எவ்வளவு? திருநள்ளாறு, காரைக்கால் விடுதிகளுக்கு ஒரு மின்சார, தண்ணீர்க் கணக்கு

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் திருநள்ளாற்றில் அறை கிடைப்பது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதே விடுதியில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும். தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலில் சனீஸ்வரரைத் தரிசிக்க வருகிறவர்களில் பெரும்பகுதி சனிக்கிழமையைக் குறிவைத்தே வருகிறார்கள். 2020 டிசம்பர் 27, 2023 டிசம்பர் 20 என்று இரண்டரை, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சிக்கோ ஊரே கொள்ளாது.

விடுதி நடத்துகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை மூன்று கேள்விகள்தான். மொட்டை மாடியில் சோலார் போடலாமா? ஏசி பில்லை எப்படிக் குறைப்பது? போர்வெல் தண்ணீர் உப்பாகிக்கொண்டே வருகிறதே, என்ன செய்வது? மூன்றுக்கும் பதில் தேட ஒரே இடத்தில்தான் தொடங்க வேண்டும். உங்கள் விடுதிக்குச் சனிக்கிழமை எவ்வளவு தேவை, செவ்வாய்க்கிழமை எவ்வளவு தேவை? இந்த இரண்டு எண்களும் தெரியாமல் வாங்கும் எந்தக் கருவியும் காசுக்கு உதவாது.

சுற்றுலா ஊர்களின் தாங்கும் சக்தியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் மலையைத்தான் காட்டுவார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் தினசரி வாகன எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது. மலைக்குப் போகிற பாதைகள் சில. அங்கே செக்போஸ்ட் போட்டு எண்ணி அனுப்பிவிடலாம். காரைக்காலுக்கு அது சரிப்படாது. கடல் தவிர மற்ற எல்லாப் பக்கமும் சாலை உள்ள சமவெளி இது. கும்பகோணம், மயிலாடுதுறை, நாகூர், வேளாங்கண்ணி எங்கிருந்தும் வந்து சேரலாம். வருகிறவர்களை வாசலில் குறைக்க முடியாத ஊர், ஒவ்வொருவர் செலவழிக்கும் தண்ணீரையும் மின்சாரத்தையும் விடுதிக்குள்தான் குறைத்தாக வேண்டும்.

முதல் வேலை: மீட்டரைப் படிப்பது

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வெள்ளி மாலை 6 மணிக்கும் சனி மாலை 6 மணிக்கும் மின்மீட்டரைப் படித்து எழுதுங்கள். அதேபோல் செவ்வாய் மாலையும் புதன் மாலையும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டர் பொருத்தி அதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வாரம் எழுதினால் போதும், விடுதியின் குணம் தெரிந்துவிடும்.

சனிக்கிழமை எண் பெரிதாக இருப்பதில் வியப்பில்லை. செவ்வாய்க்கிழமை எண்ணைக் கவனமாகப் பாருங்கள். ஆளே இல்லாத அறைகளில் கீசர் சுவிட்ச் போட்டபடியே இருக்கும். காலி ஃபிரிட்ஜ் ஓடும். வராந்தா விளக்கு பகலிலும் எரியும். யாரும் குளிக்காத நாளில் தொட்டி காலியாகி மோட்டார் தானாக ஓடும். செவ்வாய்க்கிழமைச் செலவில் பெரும்பகுதி விருந்தினருக்குப் பயன்படாத செலவு. அதைக் குறைப்பதற்கு ஒரு ரூபாய் முதலீடும் வேண்டாம். அறை காலியானதும் அந்த அறையின் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று ரூம் பையனுக்கு ஒரு வழக்கம் ஏற்படுத்துங்கள். பாதி வேலை முடிந்தது.

தண்ணீர்: கடைமடை ஊரின் நிலைமை

காவிரியின் கடைமடையில் இருக்கிறது காரைக்கால். 2007-ஆம் ஆண்டு நடுவர் மன்றத் தீர்ப்பும், 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டிஎம்சி. அது பெரும்பாலும் காரைக்கால் வயல்களுக்கான பங்கு. மேட்டூர் திறந்து, அணை அணையாக, வாய்க்கால் வாய்க்காலாகக் கடந்து அரசலாற்றுக்கும் நாட்டாற்றுக்கும் அந்தத் தண்ணீர் வந்து சேரும்போது மேலே இருப்பவர்கள் எல்லோரும் எடுத்த மிச்சம்தான் இருக்கும். விடுதிகள் பெரும்பாலும் நம்பியிருப்பது நிலத்தடி நீரை. அதன் கீழே கடல் காத்திருக்கிறது.

கடலோர மணலில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நீரியலில் ஒரு பொது விதி உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். மேலே அரை மீட்டர் இறங்கினால் கீழேயிருந்து உப்பு 20 மீட்டர் ஏற இடம் கிடைக்கிறது. பெரிய மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் உறிஞ்சினால், போரின் அடியில் உப்புநீர் கூம்பு போல் எழும்பி வரும். ஒருமுறை உப்பேறிய போர் திரும்ப இனிக்கப் பல மழைக்காலம் ஆகும்.

ஆகவே சனிக்கிழமைக்கான தண்ணீரைச் சனிக்கிழமை எடுக்காதீர்கள். 20 அறை, அறைக்கு மூவர் என்றால் 60 பேர். தலைக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புறக் கணக்கில் 8,100 லிட்டர் ஆகிறது. குளித்து உடை மாற்ற மட்டும் அறை எடுத்துப் போகிற கூட்டமும் இருந்தால் இது இரட்டிப்பாகும். தரைத்தொட்டி 15,000 முதல் 20,000 லிட்டர் கொள்ளட்டும். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் சிறிய மோட்டாரில், இடைவெளி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரால் மாதம் ஒருமுறை போர் தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதுங்கள். எண் மாதாமாதம் ஏறினால் எடுப்பைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். சோதிக்காமல் போரை இன்னும் ஆழப்படுத்துவது, காசைக் கொடுத்து உப்பை விலைக்கு வாங்குவதில் முடியலாம்.

அடுத்தது ஒழுக்கு. சொட்டு ஒன்று நொடிக்கு ஒருமுறை விழும் குழாய் நாளுக்கு 15 லிட்டருக்குக் குறையாமல் வீணாக்கும். அதுவாவது கண்ணுக்குத் தெரிகிற ஒழுக்கு. தெரியாமல் ஒழுகுவது ஃபிளஷ் டேங்க். ஒரு சோதனை சொல்கிறேன். காலி அறையின் ஃபிளஷ் டேங்க் மூடியைத் திறந்து சொட்டு நீலம் பத்துத் துளி விடுங்கள். இருபது நிமிடம் யாரும் ஃபிளஷ் செய்ய வேண்டாம். பிறகு வந்து கோப்பையைப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் ஒரு நீலக் கோடு இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. உப்புத் தண்ணீரில் அந்த ரப்பர் சீக்கிரம் இறுகிப்போகும். மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு சாப்பாட்டு விலைதான். எல்லா அறைகளையும் ஒரே செவ்வாய்க்கிழமையில் சோதித்துவிடலாம். பழைய ஃபிளஷ் டேங்க் ஒருமுறைக்கு 10 லிட்டர் கொட்டும். மாற்றும்போது 6, 3 லிட்டர் என இரண்டு பொத்தான் உள்ளதை வாங்குங்கள்.

ஆர்ஓ இயந்திரம் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் இருக்கட்டும். சிறிய இயந்திரங்களில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிவாக வெளியேறும். அந்தக் கழிவுக் குழாயைச் சாக்கடையில் விடாமல் ஒரு தொட்டியில் சேர்த்துத் தரை கழுவவும் கழிவறைக்கும் வையுங்கள். செடிகளுக்கு ஊற்ற வேண்டாம், மண் உப்பேறும்.

மழையை எங்கே சேர்ப்பது?

காரைக்காலில் ஆண்டுக்கு 1,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வந்துவிடும். 100 சதுர மீட்டர் மாடியில் 1,000 மி.மீ. மழை என்றால் ஒரு லட்சம் லிட்டர்; ஆவியாவதும் சிந்துவதும் போக 80,000 லிட்டரைப் பிடிக்கலாம்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே குழி போட்டுத் தருகிற ஆட்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கடற்கரையை ஒட்டிய மணல் நிலத்தில் உறிஞ்சுகுழி நன்றாக வேலை செய்யும். திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் வயல்களிமண் உள்ள இடத்தில் அதே குழி மழைநீர் நிற்கும் குட்டையாகி, கொசு வளர்க்கும். அங்கே மாடி நீரை வடிகட்டித் தரைத்தொட்டியில் சேர்த்து, மிஞ்சுவதைப் பழைய கிணற்றில் விடுவதே சரி. கொல்லையில் கிணறு இருந்தால் தயவுசெய்து மூடாதீர்கள். அதைவிடச் சிறந்த மழைநீர்ச் சேமிப்பு அமைப்பை எந்த ஒப்பந்தக்காரரும் கட்டித்தர முடியாது. செப்டிக் டேங்க் மட்டும் கிணற்றுக்கும் போருக்கும் குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும்.

ஊர் அளவிலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 2019-இல் மாவட்ட நிர்வாகம் ‘நம் நீர்’ என்ற பெயரில், பொதுமக்களையும் நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட குளங்களைத் தூர்வாரியது. குளம் நிரம்பினால் சுற்றுவட்டாரப் போர்களில் உப்பு தள்ளி நிற்கும். உங்கள் தெருக் குளத்தில் விடுதிக் கழிவுநீர் கலக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் போரைக் காப்பாற்றும் வேலையும் ஆகும்.

மின்சாரம்: விசிறியிலிருந்து தொடங்குங்கள்

சோலார் பற்றிப் பேசும் முன் செலவைக் குறையுங்கள். பழைய மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். 20 அறையில் விசிறிகள் 15 மணி நேரம் ஓடும் நாளில் பழையவற்றுக்கு 22.5 யூனிட், புதியவற்றுக்கு 9 யூனிட். ஒரே நாளில் 13.5 யூனிட் மிச்சம். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்ற வேண்டியதில்லை. அதிகம் நிரம்புகிற அறைகளில் முதலில் மாற்றுங்கள்.

ஏசியில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 20-இல் ஓடுவதை 24-க்கு மாற்றினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் 26-கூட இதமாக இருக்கும். கடல்காற்று அடிக்கும் ஊரில் ஏசியின் வெளி யூனிட் சீக்கிரம் அரிக்கும். உப்புப் படிந்த கம்பிச்சுருள் சூட்டை வெளியேற்றத் திணறும். மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் அதைக் கழுவுங்கள். வாங்கும்போதே அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ள செப்புச் சுருளைக் கேளுங்கள்.

மேல்மாடி அறைகள்தான் அதிகம் சூடேறும். மொட்டை மாடிக்கு வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சு அடிப்பது மலிவான வழி. அதைவிட மலிவானது ஜன்னலுக்குக் கொசுவலை. மார்கழி, தை மாதங்களில் இங்கே ராத்திரிக் காற்று குளிர்ச்சியாகவே இருக்கிறது. விருந்தினர் ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசி போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கொசுதான்.

வெந்நீர்: விடிகாலை நான்கு மணி நெருக்கடி

சனிக்கிழமை விடியற்காலையில் 20 அறையின் 2 கிலோவாட் கீசர்களும் ஒன்றாக ஓடினால் 40 கிலோவாட் சுமை. அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரம் முழுவதும் பெரிய இணைப்புக்கும் பெரிய ஜெனரேட்டருக்கும் காசு கட்டுகிறீர்கள்.

எல்லா நாளும் நிரம்பும் விடுதிக்கு சோலார் வாட்டர் ஹீட்டர் நல்லது. உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரானால் வெப்பப் பரிமாற்றி உள்ள வகையையே வாங்குங்கள். இல்லாவிட்டால் குழாய்கள் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். சனிக்கிழமை மட்டும் நிரம்பும் விடுதிக்கு ஹீட் பம்ப் பொருத்தமானது. கீசர் எடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் ராத்திரி முழுவதும் மெதுவாகச் சுடவைத்து, வெப்பம் காக்கும் தொட்டியில் சேர்த்து வைக்கும். தேவையில்லாத நாளில் அணைத்துவிடலாம். சித்திரை முதல் ஆடி வரை மாடித் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும். கீசர் எம்சிபிகளை மொத்தமாக இறக்கி வையுங்கள். கேட்கிறவர்களுக்கு மட்டும் போட்டுக்கொடுங்கள்.

சோலார்: ஏமாறாமல் போடுவது எப்படி?

காரைக்கால் வெயிலில் 1 கிலோவாட் சோலார் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அதற்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். சனிக்கிழமை ஊருக்கு சோலார் பொருந்துவதற்குக் காரணம் நெட் மீட்டர். ஆள் இல்லாத நாட்களின் உற்பத்தி மின்துறைக் கம்பிக்குப் போய்க் கணக்கில் வரவாகும். கூட்ட நாளில் அதைக் கழித்துக்கொள்ளலாம். செவ்வாயும் சனியும் சேர்ந்த வாரச் சராசரிக்கு ஏற்ற அளவில் போடுங்கள். சனிக்கிழமை உச்சத்தைப் பார்த்துப் போட வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியவை:

மானியம்: 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் வீட்டு இணைப்புகளுக்கு மட்டும். 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். வணிக இணைப்புள்ள லாட்ஜுக்கு இது கிடையாது. கிடைக்கும் என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம் விலகி நில்லுங்கள். விடுதிக்காரர்கள் மானியம் இல்லாமலே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

புயல்: 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜாவை இந்தப் பகுதி மறக்காது. பேனலைத் தாங்கும் சட்டம் கான்கிரீட்டோடு இறுகப் பிணைந்திருக்க வேண்டும். கல் வைத்து அழுத்துவது இங்கே போதாது. சட்டம் சூடான துத்தநாகத்தில் தோய்த்த இரும்பாகவோ அலுமினியமாகவோ, நட்டு போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்கட்டும். பேனலுக்கு உப்புக்காற்றுச் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். தெற்கு நோக்கி, 11 டிகிரி அளவில் சாய்வாக இருந்தால் போதும்.

மின்தடை: நெட் மீட்டரோடு இணைந்த சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் மின்துறை ஊழியரின் உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு அது. புயலுக்குப் பிறகும் விளக்கும் மோட்டாரும் வேண்டுமானால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் தேவை. அவசியச் சுமைக்கு மட்டும் சிறிதாக வாங்குங்கள். சிறிய டீசல் ஜெனரேட்டர் லிட்டருக்கு 3 முதல் 3.5 யூனிட்தான் தரும். எரிபொருளுக்கு மட்டும் யூனிட்டுக்கு ஏறக்குறைய 25 ரூபாய் ஆகிவிடும்.

பராமரிப்பு: பேனலை உப்புப் போர் தண்ணீரால் கழுவினால் கறை படியும். மழைநீரையோ நல்ல தண்ணீரையோ கொண்டு வெயில் ஏறும் முன் கழுவுங்கள். மாடியில் காகத்துக்குச் சோறு வைக்கும் வழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அந்த இடத்தைப் பேனலுக்குத் தள்ளி, எதிர்மூலையில் வையுங்கள். எச்சம் விழுந்த ஒரு கட்டம் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியையும் இழுத்துப் பிடிக்கும்.

எண்ணெய், எச்சில் சோறு

நளன் சனியின் பிடியிலிருந்து விடுபட்டதாகச் சொல்லப்படும் நள தீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்து நீராடுவது பக்தர்களின் நம்பிக்கை. அதே எண்ணெயோடு அறைக்குத் திரும்பி இன்னொரு முறை குளிப்பவர்களும் உண்டு. அந்த எண்ணெய் குழாயை அடைத்து, செப்டிக் டேங்கின் வேலையைக் கெடுக்கும். குளியலறைக் கழிவு சேரும் இடத்தில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி ஒன்று கட்டி, ஞாயிறுதோறும் மேலே மிதக்கும் படலத்தை அள்ளிவிடுங்கள். அறையில் ஷாம்பு பொட்டலத்துக்குப் பதில் சீயக்காய்த் தூள் வைத்தால் எண்ணெயும் நன்றாகப் போகும், பிளாஸ்டிக் உறையும் மிச்சம்.

சமையலறை உள்ளவர்களுக்குச் சாண எரிவாயுத் தொட்டி போன்ற சிறிய உணவுக்கழிவுக் கலன் உதவும். 10 கிலோ எச்சில் சோறும் காய்கறிக் கழிவும் ஏறக்குறைய 1 கன மீட்டர் வாயு தரும், அது 0.43 கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். அன்னதானமும் மெஸ்ஸும் தினமும் நடக்கும் இடத்தில் இது லாபம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் சமைக்கிறவர்கள் இதில் இறங்க வேண்டாம். தினமும் தீனி கிடைக்காத கலன் செத்துப்போகும். அவர்களுக்கு மக்கும் உரக்குழி போதும்.

வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

ரயிலில் காரைக்கால் வரை வரலாம். அங்கிருந்து திருநள்ளாறு 5 கி.மீ. தான், பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். தலைக்கு ஒரு கரண்டி எண்ணெய் போதும். நீராடியபோது உடுத்திய துணியை நள தீர்த்தக் குளத்தில் விடாதீர்கள். கோயில் நிர்வாகம் ஒதுக்கிய இடத்தில் போடுங்கள், அல்லது வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துத் தானம் கொடுங்கள். அறையை விட்டு இறங்கும்போது ஏசியையும் கீசரையும் அணையுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிற குடும்பத்துக்கும் அந்தக் குளம் தெளிவாக இருக்க வேண்டும்.

எதை முதலில் செய்வது?

இந்த மாதம் செலவில்லாதவை: மீட்டர் நோட்டு, எம்சிபி பழக்கம், சொட்டு நீலச் சோதனை, ஏசி 24-இல். ஐப்பசிக்கு முன்: மாடிக் குழாயைத் தரைத்தொட்டிக்கும் கிணற்றுக்கும் திருப்புவது. அடுத்த ஆண்டுக்குள்: விசிறி, வெந்நீர் ஏற்பாடு. சோலார் கடைசியில். செலவைக் குறைத்த பிறகு போட்டால் அளவும் விலையும் சிறிதாகும்.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் சுமார் 160 சதுர கிலோமீட்டரே உள்ள சின்ன மாவட்டம் காரைக்கால். கடலும் உப்பும் ஒரு பக்கம், கடைமடைக் காவிரி மறுபக்கம். கூட்டம் வருவது இந்த ஊருக்குக் கிடைத்த பேறு. அதை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கே ஊரின் தண்ணீரைக் காக்கும் முதல் கடமை. வருகிற செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்கு உங்கள் மீட்டரைப் படித்துவிடுங்கள்.